"உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்: குழந்தை பார்த்துக்கொள்ளும் சம்பளம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். அடுத்தவர் குழந்தையை நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள எவ்வளவு வாங்குவது, நம் குழந்தையை விட்டுவிட்டுப் போனால் எவ்வளவு கொடுப்பது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், அவற்றை எழுதியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் கூலி மாறும் என்பதால் நான் தொகை எதுவும் சொல்லப்போவதில்லை, கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன். கீழே 100 என்று வரும் இடத்தில் அது எந்த நாட்டுப் பணமும் இல்லை, கணக்குக்காக ஒரு எண், அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு மூன்று வயதில் ஒரு பையன். அவன் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்குப் பத்து மாதப் பெண் குழந்தை. "காலை எட்டரைக்கு விட்டுவிட்டு மாலை ஆறு மணிக்கு அழைத்துக்கொள்கிறோம், வாரம் ஐந்து நாள், எவ்வளவு தரணும்னு நீங்களே சொல்லுங்க அக்கா" என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. "உங்க இஷ்டம், பார்த்துக் கொடுங்க" என்று சொல்லிவிட்டேன். குழந்தை அடுத்த மாதம்தான் வர ஆரம்பிக்கும். இதற்குள் எதிர்வீட்டிலும் தங்கள் இரண்டு வயதுப் பையனைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். என் கணவரோ, "நீ வீட்டில்தானே இருக்கே, இதுக்குப் போய்க் கணக்குப் பார்ப்பாங்களா" என்கிறார். எவ்வளவு கேட்டால் நியாயமாக இருக்கும்?

பதில்: நல்லவேளை, இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. "உங்க இஷ்டம்" என்பதை இப்போதே திருப்பி வாங்கிவிடுங்கள். "யோசித்துப் பார்த்தேன், ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், உட்கார்ந்து பேசலாமா" என்று கேட்டால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கும் அது நிம்மதிதான், ஏனென்றால் எவ்வளவு கொடுத்தால் நீங்கள் மனம் நோகாமல் இருப்பீர்கள் என்று தெரியாமல் அவர்களும் முழித்துக்கொண்டிருப்பார்கள். தொகையை அவர்கள் விருப்பத்துக்கு விட்டால் அவர்கள் குறைத்துச் சொல்வார்கள், நீங்கள் மறுக்காமல் தலையாட்டுவீர்கள், அப்புறம் ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு டயபர் விஷயத்தில் அது சண்டையாக வெடிக்கும். நானே எதிர்பார்க்காத அளவுக்கு இப்படிக் கடிதங்கள் வருகின்றன.

முதலில் மணிக்கணக்கு. எட்டரையிலிருந்து ஆறு என்றால் ஒன்பதரை மணி நேரம், வாரத்துக்கு 47.5 மணி. இதை நாலால் பெருக்கி மாதத்துக்கு 190 மணி என்று எழுதிக்கொள்வார்கள் எல்லோரும். அங்கேதான் காசு ஓட்டை விழுகிறது. வருடத்துக்கு வாரம் 52, மாதம் 12, அப்படியென்றால் மாதம் ஒன்றுக்குச் சராசரி நாலே கால் வாரத்துக்கும் கொஞ்சம் மேலே வரும், உங்கள் கணக்கில் அது 206 மணிக்கு ஒரு துளி குறைவு. நாலால் பெருக்கினால் வருடத்துக்கு 190 மணி நேரம் காணாமல் போகிறது, அதாவது முழுதாக நான்கு வாரம் நீங்கள் சும்மா வேலை பார்த்திருப்பீர்கள். மாதச் சம்பளம் பேசுகிறவர்கள் இந்த ஒரு கணக்கைச் சரியாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்து, உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை. வெளியே போய் உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் கிடைக்கக்கூடிய சாதாரண வேலையில் மணிக்கு என்ன கிடைக்குமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 100 என்று வைத்துக்கொள்வோம். வெளியே போனால் போக்குவரத்துச் செலவு, போய்வரும் நேரம், உங்கள் பையனை யாரிடமாவது விடும் செலவு எல்லாம் உண்டு, அவை இங்கே மிச்சம். ஆனால் வீட்டில் வேறு செலவுகள் வரும்: கூடுதல் மின்சாரம், தண்ணீர், ஈரத் துடைப்பான், படுக்கை விரிப்பை நாளுக்கு இரண்டு முறை துவைப்பது, உடைந்துபோகும் பொருட்கள், மாடிப்படிக்கு ஒரு தடுப்புக் கதவு, மேசை முனைக்கு ரப்பர், மின்சாரப் பிளக்குக்கு மூடி. இதையெல்லாம் சேர்த்து ஒரு குழந்தைக்கு மணிக்கு 10 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பாலும் டயபரும் உடுப்பும் அவர்கள் வீட்டிலிருந்து வரட்டும், அதை உங்கள் கணக்கில் இழுத்துப்போட்டுக்கொள்ளாதீர்கள், பிறகு எந்த பிராண்ட் என்ற பேச்சு வரும்.

இப்போது இரண்டு குடும்பங்களும் தலைக்கு 60 கொடுத்தால் 120 வருகிறது, செலவு 20 போனால் உங்கள் கையில் 100. நீங்கள் வெளியே போயிருந்தால் கிடைத்திருக்கும் தொகை அதுவே. பெற்றோருக்கோ, தங்கள் வீட்டுக்கே ஒரு ஆளை வரவழைத்தால் முழு 100 ஆகியிருக்கும், அதில் 40 மிச்சம். உங்கள் வீட்டில் வைத்துப் பார்ப்பதன் லாபம் முழுவதும் இந்தப் பங்குபோடலில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை மட்டும் வந்தால் என்ன செய்வது? அதே 60 வாங்கினால் செலவு போக 50 நிற்கும், பாதிக் கூலி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் "தனியாக இருக்கும் வரை 80, இன்னொரு குழந்தை சேர்ந்ததும் உங்களுக்கு 60 ஆகக் குறைத்துவிடுகிறேன்" என்று சொல்வேன். காரணத்தோடு சொன்ன விலையை மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அதோடு இன்னொரு நன்மை, எதிர்வீட்டுப் பையன் வருவதை அவர்கள் முகம் சுளிக்காமல் வரவேற்பார்கள்.

மேலே எவ்வளவு வரை போகலாம் என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. விட்டுவிட்டுப் போகிறவரின் சம்பளம் முழுவதையும் நீங்கள் வாங்கிக்கொண்டால் அவர் வேலைக்குப் போவதில் அர்த்தமில்லை. ஆனால் இந்தக் கணக்கைப் போடும்போது எல்லோரும் அம்மாவின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்கிறார்கள், ஏதோ அப்பாவுக்குக் குழந்தையே இல்லாத மாதிரி. இருவர் சம்பளத்தையும் கூட்டி அதிலிருந்துதான் கழிக்க வேண்டும். "என் சம்பளத்தில் பாதி உங்களுக்கே போயிடுதே" என்று அந்தப் பெண் வருத்தப்பட்டால், சிரித்துக்கொண்டே இதை எடுத்துச் சொல்லுங்கள்.

எத்தனை பேரை ஏற்கலாம் என்பதும் சம்பளத்தோடு சேர்ந்த கேள்வி, ஏனென்றால் தலைக்கணக்கில் பணம் வரும்போது ஆசையும் வரும். இங்கிலாந்தில் வீட்டில் வைத்துக் குழந்தை பார்ப்பவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது: எட்டு வயதுக்குக் கீழே அதிகபட்சம் ஆறு பேர், அதில் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது, ஒரு வயது நிரம்பாத குழந்தை பொதுவாக ஒன்று மட்டும். சொந்தப் பிள்ளையும் இதில் அடக்கம். நீங்கள் எங்கே இருந்தாலும் இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் பையன், பத்து மாதம், இரண்டு வயது, மூன்று பேர் ஆகிவிட்டது. இதற்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்காதீர்கள், எவ்வளவு கொடுத்தாலும். பத்து மாதக் குழந்தை என்றால் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் வயசு, தரையில் கிடக்கும் பட்டன், பேனா மூடி, உங்கள் பையனின் பொம்மைக் காரிலிருந்து கழன்ற சக்கரம், எல்லாம் நேராக வாய்க்குள் போகும். அதே நேரத்தில் இரண்டு வயதுக்காரன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு திறக்கத் தெரியாமல் கத்துவான். இரண்டு கையும் இரண்டு கண்ணும்தான் உங்களுக்கு இருக்கிறது. பல நாடுகளில் சம்பளத்துக்குக் குழந்தை பார்த்தால் பதிவு செய்ய வேண்டும், இங்கிலாந்தில் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனாலே கட்டாயம். உங்கள் இடத்தில் பதிவு, வரி, காப்பீடு என்ன சொல்கிறது என்று ஒரு முறை விசாரித்துவிடுங்கள், அதற்கு ஆகும் செலவும் மேலே சொன்ன 10க்குள் வர வேண்டும்.

கடைசியாக உங்கள் கணவருக்கு. மார்கரெட் ரீட் என்று ஒரு பொருளியல் அறிஞர் 1934இல் எளிமையான ஒரு சோதனை சொன்னார்: வீட்டில் செய்யும் ஒரு காரியத்தைக் காசு கொடுத்து வேறொருவரைச் செய்யச் சொல்ல முடியும் என்றால் அது வேலை. குழந்தை பார்ப்பது அதில் தேறுகிறதா இல்லையா என்று பக்கத்து வீட்டாரிடமே கேட்கச் சொல்லுங்கள், பணத்தோடு வந்து நிற்கிறார்கள். உலகம் முழுக்க ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம் சம்பளமில்லாத பராமரிப்பு வேலை நடக்கிறது, அதில் 76.2 சதவீதத்தைச் செய்வது பெண்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்குச் சொன்னது. "வீட்டில்தானே இருக்கே" என்ற வாக்கியம் அத்தனை மணி நேரத்தையும் ஒரே மூச்சில் தள்ளுபடி செய்துவிடுகிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஒரு விடுமுறை நாளில் காலை எட்டரை முதல் ஆறு வரை மூன்று பேரையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே போய்வாருங்கள், மிச்சத்தைக் குழந்தைகள் பேசிக்கொள்வார்கள்.

கேள்வி: என் ஏழு மாதக் குழந்தையை ஒரு அம்மாவின் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். நல்ல மாதிரி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழந்தை அங்கே பகலில் நிறைய நேரம் தூங்குகிறான், இரண்டு மூன்று மணி நேரம் சாதாரணமாகப் போய்விடுகிறது. அந்த நேரத்துக்கும் சேர்த்து முழுச் சம்பளம் கேட்பது நியாயமா? அவர் அப்போது தன் வீட்டு வேலையைத்தானே பார்க்கிறார்?

பதில்: ஏழு மாதக் குழந்தை தூங்கத்தான் செய்யும் அம்மா. நான்கு முதல் பதினோரு மாதம் வரையிலான குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் மகன் அங்கே நன்றாகத் தூங்குகிறான் என்றால் அந்த இடம் அவனுக்குப் பழகிவிட்டது, அந்தக் கை பழகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் போய்ச் சம்பளத்தைக் குறைத்தால், தூங்க வைக்கத் தெரிந்தவருக்கு அபராதம் போட்ட மாதிரி ஆகிவிடாதா?

அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அவரால் வாசலைத் தாண்டிப் போக முடியாது. கதவைத் தட்டிய கூரியர்காரரிடம்கூடக் குசுகுசுவென்றுதான் பேச வேண்டும். மிக்ஸி போட முடியாது, குளிக்கப் போனால் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு குளிக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போய் மூச்சு சீராக இருக்கிறதா, போர்வை முகத்தில் விழவில்லையே என்று பார்க்க வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை ஒன்று 2011இல் ஏற்கப்பட்டது, எண் 189. தன் நேரத்தைத் தன் விருப்பப்படி செலவழிக்க முடியாமல், கூப்பிட்டால் வர வேண்டும் என்று காத்திருக்கும் நேரமும் அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும் அளவுக்கு வேலை நேரமாகக் கருதப்பட வேண்டும் என்று அதில் இருக்கிறது. அது பிறர் வீட்டில் வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது, உங்கள் ஏற்பாட்டை அப்படியே கட்டுப்படுத்தாது. ஆனாலும் யோசனை ஒன்றுதான். நீங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் மெதுவாக வேலை செய்ததால் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துக்குச் சம்பளம் பிடித்தால் ஒத்துக்கொள்வீர்களா?

அவர் தன் வீட்டு வேலையைப் பார்ப்பதும் உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை ஏற்கெனவே உங்கள் விலையில் சேர்ந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு ஆள் வந்தால் ஆகும் தொகையைவிட அவரிடம் குறைவாகத்தானே கொடுக்கிறீர்கள், அதற்கு ஒரு காரணம் இது. ஒரே சலுகையை இரண்டு முறை கழிக்க முடியாது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தூங்க வைக்கும்போது மல்லாத்திப் படுக்க வைக்கிறாரா, மெத்தையில் தலையணை, துணி பொம்மை எதுவும் இல்லாமல் இருக்கிறதா, விழித்திருக்கும் நேரத்தில் டிவி முன்னால் உட்கார வைக்கிறாரா. ஒரு வயதுக்குள் திரை வேண்டவே வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசுங்கள், சம்பளத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆறு மணிக்கு வர வேண்டிய ஒரு அப்பா, ஆறரை, ஆறே முக்கால் என்று வருகிறார். கேட்டால் "சாரி மேடம், டிராஃபிக்". ஒரு சின்னத் தொகை அபராதம் போடலாமா? என் தோழி, காசு கேட்டால் உறவு கெடும் என்கிறாள்.

பதில்: சின்னத் தொகை மட்டும் வேண்டாம். இதற்கு அருமையான ஒரு ஆய்வே இருக்கிறது. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களை எடுத்துக்கொண்டு யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் செய்தது, 2000இல் வெளியானது. ஆறு காப்பகங்களில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கேல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையும் என்றுதானே நினைப்போம்? கூடியது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனது. அதுவரை "டீச்சர் காத்திருக்கிறாரே" என்று ஓடி வந்தவர்கள், இப்போது சின்னத் தொகை கொடுத்து நேரத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டார்கள். கொடுமை என்னவென்றால், பிறகு அபராதத்தை எடுத்த பின்னாலும் தாமதம் குறையவில்லை. ஒரு முறை கடைச்சரக்காகிவிட்ட கூச்சம் திரும்பி வரவில்லை.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, காசைப் பற்றிப் பேசாமல் அவர் வராததால் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று நேராகச் சொல்வது. "ஆறரைக்கு என் பெண்ணை வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டும், உங்கள் மகனையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது" என்று. நிறையப் பேருக்கு இது போதும், ஏனென்றால் நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள், ஆறுக்கும் ஆறரைக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் யோசித்துப் பார்த்ததே இல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் இரண்டாவது வழி, அபராதம் என்ற பேச்சையே எடுக்காமல் கூடுதல் நேரத்துக்கு முழு விலை. முதல் பத்து நிமிடம் பரவாயில்லை, அதற்கு மேல் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் வழக்கமான தொகையைப் போல ஒன்றரை மடங்கு, முடிந்தால் இரண்டு மடங்கு. அவர் தினமும் ஆறே முக்காலுக்கு வந்தாலும் "சரி, வரட்டும், நமக்கு லாபம்" என்று உங்களுக்குத் தோன்றும் தொகையாக அது இருக்க வேண்டும். அப்படித் தோன்றவில்லை என்றால் தொகை போதவில்லை, கூட்டுங்கள். எந்தத் தொகைக்கும் ஆறரைக்கு மேல் முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், வேறு யாரையாவது அழைத்துப்போக ஏற்பாடு செய்வது அவர் பொறுப்பு.

தாமதத்தோடு சேர்த்து இன்னொன்றையும் பேசி முடித்துவிடுங்கள், குழந்தை வராத நாட்கள். எனக்கு வரும் கடிதங்களில் தாமதத்தைவிட இதில்தான் மனக்கசப்பு அதிகம். காய்ச்சல், பாட்டி வீடு, திடீர் விடுமுறை என்று குழந்தை வரவில்லை என்றால் அந்த நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, ஏனென்றால் அந்த இடத்தில் நீங்கள் வேறு குழந்தையைச் சேர்க்க முடியாது. உங்களுக்கு முடியாமல் போய் நீங்கள் லீவு சொன்னால் அந்த நாளுக்கு வாங்கக் கூடாது, அவர்கள் அன்றைக்கு வேறு ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் குழந்தை வராது என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிச் சம்பளம் வாங்கி இடத்தைப் பிடித்து வையுங்கள். காய்ச்சலோடு குழந்தையைக் கொண்டுவந்து விடக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். சம்பளம் பிடிக்கவே மாட்டோம், எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம் என்று தெரிந்தால் சிலர் "கொஞ்சம் சூடுதான்" என்று மாத்திரை கொடுத்துக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள், இன்னொரு குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: என் நாத்தனார் தன் நான்கு வயது மகளைத் தினமும் பள்ளி விட்டதும் என்னிடம் விட்டுவிட்டு மாலை ஏழு மணிக்கு அழைத்துப்போகிறாள். ஆறு மாதமாக நடக்கிறது. பணம் கேட்டால் "சொந்தத்துக்குள்ளே காசா" என்று மாமியார் பேசுவார். கேட்காமல் இருந்தால் எனக்கு உள்ளுக்குள் எரிகிறது. குழந்தை மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம், அதனால்தான் இன்னும் சங்கடம்.

பதில்: பிரியம் இருப்பதாலேயே சீக்கிரம் பேசிவிடுங்கள். எரிச்சல் முதலில் நாத்தனார் மேல் இருக்கும், கொஞ்ச நாளில் அந்தப் பெண் குழந்தை தண்ணீரைக் கொட்டினால்கூடக் கத்த ஆரம்பிப்பீர்கள், அவளுக்கு ஏன் என்றே தெரியாது.

மாமியாரை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். நாத்தனாரிடம் தனியாக, "நீ அவசரத்துக்கு விட்டால் எப்போதும் சும்மாதான், அதில் மாற்றமில்லை. ஆனா இது தினசரி ஏற்பாடாயிடுச்சு, வாரத்துக்கு இத்தனை மணி நேரம், நான் இந்த நேரத்தில் செய்துகொண்டிருந்த தையல் வேலையையோ டியூஷனையோ விட்டுட்டேன்" என்று சொல்லுங்கள். உண்மையில் எதை விட்டீர்களோ அதைச் சொல்லுங்கள். அவசரத்தையும் தினசரி ஏற்பாட்டையும் பிரித்துவிட்டால் சொந்தத்துக்குள் காசா என்ற கேள்விக்கே இடமில்லை, ஏனென்றால் சொந்தத்துக்காகச் செய்வது இன்னும் இலவசமாகத்தான் இருக்கிறது. சந்தை விலையில் பாதியோ முக்கால்வாசியோ கேளுங்கள், முழுதாகக் கேட்கச் சொல்லவில்லை. பணமாக வாங்கக் கூச்சமாக இருந்தால் அதே அளவுள்ள உதவியாக வாங்கலாம், சனிக்கிழமை முழுதும் உங்கள் பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்வது போல. ஆனால் மணிக்கு மணி எண்ணிக்கொள்ளுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட பண்டமாற்று எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்கிறது. பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்துக் கணக்கை நேர் செய்யப் பார்த்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நன்றியும் சொல்லுங்கள், கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு வந்தே இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் கிடைத்திருக்கிறார். ஒரு குழந்தைக்கு ஆகும் தொகையைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார். ஒரே வீடு, ஒரே அறை, இரண்டு மடங்கு ஏன்? நடுவில் பாத்திரம், துணி என்று கொஞ்சம் செய்யச் சொல்லலாமா?

பதில்: உங்கள் வீட்டுக்கு வருகிறவருக்கு நீங்கள் வாங்குவது அவருடைய நேரத்தை, முழுதாக. அதனால் இரண்டு மடங்கு அதிகம்தான், ஒன்றே கால், ஒன்றரை மடங்கு என்று பேசலாம். அவர் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பதாக இருந்தால் பதில் வேறு, இரட்டையர் இரண்டு இடத்தை அடைத்துவிடுவார்கள், அங்கே வேண்டுமானால் இரண்டாவது குழந்தைக்குக் கால் பங்கு குறைக்கச் சொல்லலாம், பெற்றோர் ஒருவர்தான், பை ஒன்றுதான், பேச்சு ஒன்றுதான் என்பதால். வயது வித்தியாசமுள்ள அக்கா தம்பி என்றால் இன்னும் எளிது, பள்ளி விட்டு வரும் அக்காவுக்கு அவள் இருக்கும் மணிக்கு மட்டும்.

பாத்திரம், துணி விஷயத்தில், குழந்தைகளின் பால் புட்டி, குழந்தைகளின் துணி, அவர்கள் கலைத்த பொம்மை, இவ்வளவும் அந்த வேலையோடு சேர்ந்தது. உங்கள் இருவரின் சட்டையும் ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரமும் அதில் வராது. செய்யச் சொல்வதாக இருந்தால் அதற்குத் தனியாகத் தொகை பேசுங்கள், அதுவும் முதல் நாளே. இரண்டு கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறவர் குழந்தைகளைத்தான் கவனிக்காமல் விடுவார், பாத்திரத்தை இல்லை, ஏனென்றால் நீங்கள் வந்ததும் முதலில் கண்ணில் படுவது பாத்திரம்தான். வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று நான் மேலே சொன்ன 189ஆம் உடன்படிக்கையில் இருக்கிறது, அதையும் சம்பளம் பேசும்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: ஒரு வருடமாக ஒரு குழந்தையைப் பார்க்கிறேன். சம்பளத்தை ஏற்றிக் கேட்கலாம் என்றால், "இப்போ அவ வளர்ந்துட்டா, வேலை குறைஞ்சிருக்குமே" என்கிறார்கள்.

பதில்: டயபர் குறைந்திருக்கும், ஓட்டம் கூடியிருக்கும். படுத்த இடத்தில் கிடந்த குழந்தையை விட்டுவிட்டு வாசலுக்குப் போய்வர முடிந்தது, இப்போது முடியாது, நாற்காலியை இழுத்துப்போட்டு ஜன்னலில் ஏறிவிடுவாள். வேலை குறைந்ததா கூடியதா என்ற வாதத்துக்குள்ளேயே போகாதீர்கள், அதில் ஜெயிக்க முடியாது. கடந்த வருடம் நீங்கள் வாங்கிய தொகைக்கு இப்போது சாமான் குறைவாகத்தான் வருகிறது, அதுதான் காரணம், அது அவர்களுக்கும் தெரியும், அவர்களுடைய அலுவலகத்திலும் வருடத்துக்கு ஒரு முறை இதையேதான் கேட்கிறார்கள். ஒரு பேப்பரில் மணி நேரம், தொகை, மாதத்தின் எந்த நாளில் முன்கூட்டியே கொடுப்பது, தாமதம், லீவு, ஏற்பாட்டை முடித்துக்கொள்ள எத்தனை வாரம் முன்னால் சொல்வது, இதோடு "வருடத்துக்கு ஒரு முறை இந்த மாதத்தில் தொகையைத் திரும்பப் பேசுவோம்" என்ற ஒரு வரியையும் சேர்த்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இந்த வருடத்து உயர்வை ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள், மாலையில் அவர்கள் களைத்து வந்து நிற்கும் நேரத்தில் வாசலில் வைத்துச் சொல்ல வேண்டாம், முந்தின நாளே போனில் "நாளைக்கு ஒரு பத்து நிமிஷம் கூடுதலா இருங்க, பேசணும்" என்று சொல்லி வையுங்கள்.